தேக்கு, ஓக், துரு: பிரிட்டனின் கடற்படை அருங்காட்சியகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த அருங்காட்சியகம் இது? லண்டன் கிரீனிச்சில் இருப்பதா?

இல்லை. கிரீனிச்சில் இருப்பது தேசியக் கடல்சார் அருங்காட்சியகம். கடற்படையோடு வணிகக் கப்பல், வரைபடம், கடற்பயணக் கடிகாரம் என்று கடல் சம்பந்தப்பட்ட எல்லாமே அங்கு உண்டு. இந்தப் பக்கம் பேசுவது போர்ட்ஸ்மவுத்தைத் தலைமையிடமாகக் கொண்ட, ராயல் நேவி எனப்படும் பிரிட்டிஷ் கடற்படையின் தேசிய அருங்காட்சியகத்தைப் பற்றி. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான ஊருக்கு ரயில் ஏறியவர்கள் உண்டு. 1805 டிராஃபால்கர் கடற்போரில் இறந்த பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் கப்பலான விக்டரி போர்ட்ஸ்மவுத்தில் இருக்கிறது, அவர் சாகும்போது போட்டிருந்த கோட்டு கிரீனிச்சில் இருக்கிறது. குழப்பம் வராமல் என்ன செய்யும்?

ஒரே கட்டடமா, பல ஊர்களில் இருக்கிறதா?

பல ஊர்களில். போர்ட்ஸ்மவுத் பழைய கப்பல்தளத்தில் விக்டரி, வாரியர், எம்.33 என்ற மூன்று கப்பல்களும் காட்சிக்கூடங்களும். துறைமுகத்தின் எதிர்க்கரையான காஸ்போர்ட்டில் நீர்மூழ்கி அருங்காட்சியகமும், பழைய வெடிமருந்துக் கிடங்கில் அமைந்த ஆயுத அருங்காட்சியகமும். சாமர்செட்டின் யோவில்டனில் கடற்படை விமானங்கள். வடகிழக்கே ஹார்ட்டில்பூலில் டிரிங்கோமலி என்ற கப்பல். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் கரோலின் என்ற கப்பல். ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

எப்போது தொடங்கியது?

1911இல், போர்ட்ஸ்மவுத் கப்பல்தளத்துக்குள் ஒரு சிறிய காட்சியறையாக. நீராவியும் எஃகும் வந்தபின் பழைய மரக்கப்பல்களை உடைத்து விறகாக விற்றுக்கொண்டிருந்தார்கள். முகப்புச் சிற்பம், மாதிரிக் கப்பல், கொடி என்று கைக்குக் கிடைத்ததை அங்கிருந்த ஒரு நிர்வாக அலுவலர் சேர்த்து வைத்தார். அதுதான் விதை. 1938இல் விக்டரிக்கென்று தனி அருங்காட்சியகம் திறந்தது. 1972இல் அது ராயல் நேவல் மியூசியம் ஆனது. நீர்மூழ்கிகள், கடற்படை விமானங்கள், மரைன் வீரர்கள் ஆகியவற்றுக்கு ஆளுக்கொன்றாகத் தனித்தனி அருங்காட்சியகங்கள் இருந்தன. 2009இல் இவை நான்கையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்து இன்றைய பெயரைச் சூட்டினார்கள்.

திருகோணமலை என்ற பெயரில் உண்மையாகவே ஒரு கப்பல் இருக்கிறதா?

இருக்கிறது, இன்றும் மிதக்கிறது. எச்.எம்.எஸ். டிரிங்கோமலி என்பது நம் திருகோணமலையின் ஆங்கிலப் பெயர்தான். பெயர் இலங்கைத் துறைமுகத்துடையது, மரம் மலபாருடையது, கட்டியது பம்பாய். பம்பாய்க் கப்பல்தளத்தின் தலைமைத் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் 1816இல் ஏரா வைக்கப்பட்டது. கப்பலின் முதுகெலும்பான அடிமரத்தைத்தான் ஏரா என்போம். பார்சி வழக்கப்படி, எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணி ஒன்றை ஏராவில் அடித்துப் பணியைத் தொடங்கினார்கள். 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறங்கியது.

உத்தரவு 1812இலேயே போயிருந்தது. தாமதத்துக்குக் காரணம் ஒரு கடற்சண்டை. கப்பலின் வரைபடங்களை பம்பாய்க்குக் கொண்டுவந்துகொண்டிருந்த ஜாவா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை, 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கடலோரத்தில் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் வீழ்த்தியது. வரைபடங்களும் போயின, மறுபடி நகல் எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. மிதந்துகொண்டிருக்கும் போர்க்கப்பல்களில் இன்று மிகப் பழையது 1797இல் நீரில் இறங்கிய அதே கான்ஸ்டிடியூஷன். அதற்கு அடுத்தது டிரிங்கோமலி. சில சுற்றுலாப் பிரசுரங்கள் டிரிங்கோமலியை “உலகிலேயே பழையது” என்று போட்டுவிடுகின்றன. பிரிட்டனில் மிதப்பவற்றில் பழையது என்பதே சரி.

கட்டி முடித்தபின் அது என்ன போர் செய்தது?

பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால்தான் பிழைத்தது. 1819இல் போர்ட்ஸ்மவுத் வந்து சேர்ந்தபோது நெப்போலியன் போர்கள் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கூரை போட்டுக் கால் நூற்றாண்டு காலம் நிறுத்தி வைத்தார்கள். 1845இல் தொடங்கிய மாற்றத்தில் பீரங்கிகளின் எண்ணிக்கையை 26 ஆகக் குறைத்து, கனமானவையாகப் பொருத்தினார்கள். பின்புறத்தையும் மாற்றிக் கட்டினார்கள். 1847 முதல் 1850 வரை வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுப் பகுதியிலும், 1852 முதல் 1857 வரை பசிபிக்கிலும் சுற்றியது. பிறகு கடற்படைத் துணைப்படையினருக்குப் பயிற்சிக் கப்பல். 1897இல் உடைப்பதற்கு விற்றாகிவிட்டது. அந்த ஆண்டுதான் ஃபூட்ரோயன்ட் என்ற தன் பயிற்சிக் கப்பலை பிளாக்பூலில் புயலுக்குப் பறிகொடுத்திருந்தார் வீட்லி காப் என்ற செல்வந்தர். அவர் இதை வாங்கி, இழந்த கப்பலின் பெயரையே இதற்கும் வைத்தார். 1986 வரை இளைஞர்கள் இதில் பயிற்சி பெற்றார்கள். 1987இல் ஒரு மிதவைமேல் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோனார்கள். 1990இல் தொடங்கிய சீரமைப்பு 2001இல் முடிந்தது. நடுவே, 1992இல், பழைய பெயர் திரும்பியது. 1897க்கும் 1992க்கும் இடைப்பட்ட ஆவணங்களில் இந்தக் கப்பலைத் தேடுபவர்கள் ஃபூட்ரோயன்ட் என்ற பெயரிலும் தேட வேண்டும்.

தேக்கில் கட்டினால் என்ன அப்படி வித்தியாசம்?

இந்தச் சேகரிப்பைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும் என்பது எங்கள் எண்ணம்.

ஓக் மரத்தில் டானிக் அமிலம் அதிகம். ஈரம் பட்டால் அந்த அமிலம் இரும்பு ஆணியையும் மரையாணியையும் அரிக்கும். துருவேறிய ஆணி தன்னைச் சுற்றியுள்ள மரத்தை உளுத்துப்போக வைக்கும். ஆணி தளர்ந்து பலகை அசையும், அசைந்த இடைவெளியில் தண்ணீர் நுழையும். பலகை இடுக்குகளில் பழங்கயிற்றுச் சிம்பைத் திணித்துக் கீல் பூசும் கலப்பற்று வேலையை எத்தனை முறை செய்தாலும், ஆணி போன பலகையில் அது நிற்காது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அது இரும்பை அரிப்பதில்லை, பூஞ்சைக்கும் எளிதில் இடங்கொடாது. வெயிலிலும் மழையிலும் சுருங்குவதும் உப்புவதும் குறைவு.

குறை இல்லாமல் இல்லை. பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். அதனால் மரத்தை வெட்டுவதற்கு முன், அடியில் பட்டையோடு வெள்ளைக்கட்டை வரை வளையமாகச் செதுக்கி விட்டு, நின்ற நிலையிலேயே ஓரிரு ஆண்டுகள் காய வைப்பார்கள். அப்போதுதான் ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோக முடியும். இன்றைக்கு உத்தரவு போட்டு நாளைக்குக் கப்பல் கட்ட முடியாது. இங்கிலாந்தில் ஓக்குக்குத் தட்டுப்பாடு வந்ததால் மலபார்க் காடுகளின்மேல் கண் விழுந்தது. 1806இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே தேக்குக்கென்றே ஒரு காட்டு அதிகாரியை நியமித்தது. 1840களில் நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்கத் தொடங்கியதற்குக் காரணமே, இயற்கையாக வளர்ந்த மரம் கரைந்துபோனதுதான். டிரிங்கோமலியின் தளத்தில் நிற்கும்போது காலுக்கடியில் இருப்பதில் மேற்குத் தொடர்ச்சி மலையின் பங்கும் உண்டு. தகவல் பலகைகளில் இதற்கு ஒரு வரிக்குமேல் இடம் கொடுக்கலாம்.

விக்டரியில் எவ்வளவு பகுதி அசல்?

எந்தப் பகுதியைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1759இல் சாத்தம் கப்பல்தளத்தில் ஏரா வைத்து, 1765 மே 7 அன்று நீரில் இறக்கிய கப்பல் இது. கட்டுவதற்கு ஏறக்குறைய 6,000 மரங்கள் பிடித்தன, பெரும்பாலும் ஓக். 1805 அக்டோபர் 21இல் டிராஃபால்கர் சண்டைக்குப் போகும்போதே அது பலமுறை பழுது பார்த்த கப்பல்தான். அடிப்பகுதியில் பழைய மரம் அதிகம் எஞ்சியிருக்கிறது. மேலே ஏற ஏறப் புதுமரம் கூடும், மழை மேலிருந்துதானே விழுகிறது! வெளிப்பலகைகளில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிப் பழுதுகளின்போது ஓக்குக்குப் பதில் தேக்கும் இரோகோ என்ற ஆப்பிரிக்க மரமும் வைத்தார்கள். இப்போது மறுபடி ஓக்குக்கே திரும்பியிருக்கிறார்கள். பாய்மரங்களின் அடித்துண்டுகளைத் தட்டிப் பாருங்கள் என்று வழிகாட்டிகள் சொல்வது வழக்கமாக இருந்தது. ஓசை கணீரென்று வரும், ஏனென்றால் அவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பழைய இரும்புக் கப்பலிலிருந்து கழற்றிப் பொருத்திய குழாய்கள். பீரங்கிகளிலும் பல எடை குறைந்த நகல்கள்.

விக்டரியை ஏன் மறுபடி தண்ணீரில் மிதக்க விடக்கூடாது?

மிதந்தால் முழுகும். 1922 முதல் போர்ட்ஸ்மவுத்தின் 2ஆம் எண் உலர்துறையில், அதாவது தண்ணீரை வடித்துவிட்ட கப்பல் துறையில், நிற்கிறது. தண்ணீர் கப்பலைச் சுற்றிலும் சமமாகத் தாங்கும். உலர்துறையில் அந்தத் தாங்கல் இல்லை, முழு எடையும் அடியில் உள்ள சில இடங்களில் மட்டும் இறங்கும். பழைய ஏற்பாட்டில் 22 எஃகுத் தாங்கிகள் இருந்தன. அவை நின்ற இடங்களில் உடல் உள்ளே அமுங்கியது, மற்ற இடங்களில் தொங்கியது. கப்பலை முழுக்க லேசரால் அளந்தபோது ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர் அளவுக்கு உருக்குலைவு நடப்பது தெரிந்தது. இப்போது 134 எஃகு முட்டுகள் தாங்குகின்றன. ஒவ்வொன்றிலும் சுமையை அளக்கும் உணர்வி உண்டு. எந்த முட்டின்மேல் பாரம் ஏறுகிறது என்பதைத் திரையில் பார்த்து, நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறார்கள். மிதக்கும்போது கடல் என்ன செய்ததோ அதைத்தான் இந்த முட்டுகள் செய்ய முயல்கின்றன.

இன்னொரு விஷயம். 1941 மார்ச்சில் ஜெர்மானியக் குண்டு ஒன்று இந்த உலர்துறைக்குள் விழுந்து கப்பலின் அடிப்புறத்தைச் சிதைத்தது. டிராஃபால்கருக்குப் பிறகும் இது போரில் அடிபட்டிருக்கிறது.

இப்போது போனால் சாரம் கட்டி மூடியிருக்கிறதாமே, போவது வீணா?

வீண் இல்லை. 2022இல் தொடங்கிய பழுதுபார்ப்புக்குப் பத்தாண்டுக்கு மேல் பிடிக்கும். கம்பீரமாகப் படம் எடுக்க முடியாது, உண்மை. ஆனால் இந்த வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வரும். வெளிப்பலகையைக் கழற்றிய இடங்களில் உள்ளே இருக்கும் விலாமரங்கள் தெரிகின்றன. இரண்டு எதிரிகள்: ஒன்று, மழைநீர் புகுந்து வளர்ந்த பூஞ்சை. மற்றது டெத்வாட்ச் என்ற மரம் குடையும் வண்டு. இரண்டும் கூட்டாளிகள், பூஞ்சை மென்மையாக்கிய ஓக்கில்தான் அந்த வண்டின் புழு சுகமாக வளரும். ஆகவே மருந்து அடிப்பதைவிட மரத்தை ஈரமில்லாமல் காயவிடுவதே முதல் சிகிச்சை. சாரத்துக்குமேல் கூரை போட்டிருப்பது அதற்குத்தான்.

நெல்சனைத் துளைத்த குண்டு இங்கே இருக்கிறதா?

இல்லை, அது விண்ட்சர் கோட்டையில், அரச சேகரிப்பில் இருக்கிறது. அவர் விழுந்த இடத்தைக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு பித்தளைத் தகடு காட்டுகிறது.

இருப்பதிலேயே அரிய பொருள் எது?

விக்டரியின் முன்பாய்மரத்தில் கட்டியிருந்த மேற்பாய் என்பது எங்கள் கணிப்பு. சுமார் 3,600 சதுர அடிக் கித்தான், அதில் ஏறக்குறைய 90 குண்டுத் துளைகள். டிராஃபால்கரில் விரிந்திருந்த பாய்களில் கையில் மிஞ்சியிருக்கும் மிகப் பெரிய சான்று இதுதான். மரக்கப்பலைப் பழுதுபார்க்கலாம், பலகை மாற்றலாம். கித்தானுக்கு அந்த வழி கிடையாது. மடித்தால் மடிப்பில் நூல் இற்றுவிடும், தொங்கவிட்டால் சொந்த எடையே கிழிக்கும், வெளிச்சம் பட்டால் நார் சிதையும். பழந்துணிகளுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வழக்கமான எல்லை 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு), கிட்டத்தட்ட அந்தி வெளிச்சம். காட்சிக்கூடம் இருட்டாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

மனசைத் தொடுவது எது என்று கேட்டால் வேறு பதில். 1941 மே 24 அன்று மூழ்கிய ஹூட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மணி. 1,415 பேர் இறந்தார்கள், மூவர் மட்டும் பிழைத்தார்கள். 2015இல் கடலடியிலிருந்து எடுத்த மணியைச் சுத்தம் செய்து, சரியாக 75 ஆண்டுகள் நிறைந்த நாளில் போர்ட்ஸ்மவுத்தில் வைத்தார்கள்.

ஹாலண்ட் 1 நீர்மூழ்கி கடலில் 70 ஆண்டு தாங்கியது, வெளியே எடுத்தபின் துருப்பிடித்தது ஏன்?

ராயல் நேவியின் முதல் நீர்மூழ்கி இது. 1901 அக்டோபர் 2இல் நீரில் இறங்கியது, நீளம் 20 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஊழியர்கள் 8 பேர். 1913இல் 410 பவுண்டுக்குப் பழைய இரும்பாக விற்றார்கள். இழுத்துச் செல்லும் வழியில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்துக்கு அருகே மூழ்கியது. 1981இல் கண்டுபிடித்து 1982இல் தூக்கினார்கள். சுத்தம் செய்து, துருத்தடுப்பு மருந்து தெளித்து, காஸ்போர்ட்டில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். பத்தாண்டுகளில் உடல் பொரிந்து உதிர ஆரம்பித்தது.

காரணம் உப்பு. கடலடியில் கிடந்த இரும்பின் துரு அடுக்குகளுக்குள் குளோரைடு ஊறிப்போயிருக்கும். கடலடியில் ஆக்சிஜன் குறைவு, அதனால் அரிப்பு மெதுவாக நடந்தது. காற்றுக்கு வந்ததும் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து குளோரைடைக் கிளறிவிட்டன. அதில் உண்டாகும் அமிலம் புதிய இரும்பைத் தின்னும், குளோரைடு மீண்டும் விடுபட்டு அடுத்த அடுக்குக்குப் போகும். மேலே எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் உள்ளே நடப்பது நிற்காது. கடைசியில் முழு நீர்மூழ்கியையும் சுற்றி ஒரு தொட்டி கட்டி, சோடியம் கார்பனேட் கரைசலில், அதாவது சலவைச் சோடா தண்ணீரில், சுமார் நான்கு ஆண்டுகள் ஊற வைத்தார்கள். காரக் கரைசலில் இரும்பு மேலும் துருப்பிடிக்காது, குளோரைடு மட்டும் மெல்ல வெளியே கசியும். பிறகு உலர்த்தி, காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் தனிக் கூடத்தில் வைத்து, 2001இல் திறந்தார்கள். அந்தக் கூடத்தின் கதவைத் திறந்து போட்டுவிட்டு நிற்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

கடலில் கிடைத்த இரும்புக் குண்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் அது வெற்றுக் குண்டா, மருந்து அடைத்த வெடிகுண்டா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். துளையோ மூடியோ தெரிந்தால் தொடாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள். பிரிட்டனில் சிதைந்த கப்பலிலிருந்து எடுத்த எதையும் 28 நாட்களுக்குள் ரிசீவர் ஆஃப் ரெக் என்ற அரசு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், அது சட்டம்.

ஆபத்தில்லை என்று உறுதியானபின்: காயவிடாதீர்கள். பெரும்பாலோர் செய்யும் தவறு, வெயிலில் வைத்துக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது. வார்ப்பிரும்பில் இரும்பு அரித்துப்போய் கிராஃபைட் மட்டும் அதே வடிவில் நின்றிருக்கும். பார்க்க முழுதாகத் தெரியும், தேய்த்தால் பென்சில் கரிபோல உதிரும். காயும்போது பிளந்து ஓடு ஓடாகக் கழலும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் லிட்டருக்கு 50 கிராம் சலவைச் சோடா கரைத்து, குண்டு முழுக்க மூழ்கும்படி வைத்து மூடுங்கள். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சோடா அதை அரிக்கும். சமையல் சோடா வேறு, இது வேறு. கையுறை போடுங்கள். இது காப்பாற்றி வைக்கும் வழி மட்டுமே, முழுச் சிகிச்சையைப் பாதுகாப்பு வல்லுநர்தான் செய்ய வேண்டும்.

வாரியர் இரும்புக் கப்பல்தானே, அதில் மரம் எங்கே?

1860 டிசம்பர் 29இல் நீரில் இறங்கிய வாரியரின் கவசம் 114 மி.மீ. இரும்புத் தகடு. அதன் பின்னால் 457 மி.மீ. தேக்கு! மரத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்காக வைத்தார்கள். வெறும் இரும்பில் குண்டு மோதினால் அதிர்ச்சியில் மரையாணிகள் தெறித்துவிடும். தேக்கு அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இதற்கும் ஓக் வைத்திருந்தால் தகடும் ஆணியும் உள்ளிருந்தே அரித்திருக்கும். இந்தக் கப்பல் பல பத்தாண்டுகள் வேல்ஸில் எண்ணெய் ஏற்றும் மிதவைத் துறையாகக் கிடந்து, 1979 முதல் 1987 வரை ஹார்ட்டில்பூலில் புதுப்பிக்கப்பட்டது. அங்கே கைதேர்ந்த ஆட்கள் இருந்ததால்தான் டிரிங்கோமலியும் அதே ஊருக்குப் போனது.

முதல் உலகப்போர்க் கப்பல்கள் உண்டா?

இரண்டு. எம்.33 என்ற சிறிய பீரங்கிக் கப்பல், 1915இல் சுமார் ஏழே வாரத்தில் கட்டியது, துருக்கியின் கலிப்போலியில் சண்டையிட்டது. ஆழமற்ற கரையோரம் போவதற்காகத் தட்டையான அடி. மற்றது 1914இல் கட்டிய கரோலின், 1916 ஜட்லாண்ட் கடற்போரில் கலந்துகொண்டவற்றில் எஞ்சிய ஒரே கப்பல்.

மேரி ரோஸ் இந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்ததா?

அதே வளாகம், வேறு அறக்கட்டளை. 1545இல் மூழ்கி 1982இல் தூக்கிய அந்தக் கப்பலுக்கு நிர்வாகம் தனி. டிக்கெட் எடுக்கும்போது எது எது அடங்கும் என்று பார்த்து எடுங்கள்.

விமானங்களுக்காக யோவில்டன் போகலாமா?

கார் இருந்தால் போகலாம், பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் பயணிகள் விமானத்தின் பிரிட்டிஷ் முன்மாதிரி அங்கே இருக்கிறது, உள்ளே ஏறலாம். ஆனால் கூட்டம் கவனிக்காமல் கடந்துபோகும் கோர்சேர் கேடி431 என்ற போர் விமானம்தான் எங்களுக்குப் பிடித்தது. பிற்காலத்தில் பூசிய பெயின்டைக் கையால் அடுக்கு அடுக்காக உரித்து, 1944இல் தொழிற்சாலையில் அடித்த மூலப் பெயின்டை வெளிக்கொண்டுவந்திருக்கிறார்கள். திட்டுத் திட்டாக, அழுக்காகத் தெரியும். பளபளவென்று புதிதாகப் பூசியிருந்தால் அந்தத் தகவல் எல்லாம் போயிருக்கும்.

தாத்தா ராயல் நேவியில் இருந்தார். அவருடைய பதிவு இங்கே கிடைக்குமா?

சேவைப் பதிவேடுகளை அருங்காட்சியகம் வைத்திருப்பதில்லை. மாலுமிகளின் பழைய பதிவுகள், 1928க்கு முன் சேர்ந்தவர்களுடையவை, லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏடிஎம் 188 வரிசையில் உள்ளன. ராயல் இந்தியன் நேவி என்றால் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் தேடத் தொடங்குங்கள். சேவை எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் பெயரை எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும். தமிழ்ப் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகவும் போட்டிருப்பார்கள்.

எத்தனை நாள் ஒதுக்குவது, எதைக் கவனிக்க வேண்டும்?

போர்ட்ஸ்மவுத்துக்கு ஒரு முழு நாள், காஸ்போர்ட்டையும் சேர்த்தால் இரண்டு. போர்ட்ஸ்மவுத் ஹார்பர் ரயில் நிலையத்திலிருந்து வாசல் நடக்கும் தூரம்தான், காஸ்போர்ட் படகும் அங்கிருந்தே. விக்டரியின் கீழ்த்தளங்களில் உத்தரங்கள் தாழ்வு, ஆறடி ஆள் குனிந்தே நடக்க வேண்டும். படிகள் ஏணிபோலச் செங்குத்தானவை. இறங்கும்போது படியைப் பார்த்தபடி, முகம் உள்பக்கம் இருக்க இறங்குங்கள். காஸ்போர்ட்டில் உள்ள அலையன்ஸ் நீர்மூழ்கியில் வட்டத் துவாரங்கள் வழியே காலைத் தூக்கிப் போட்டு நுழைய வேண்டும், சேலை கட்டியவர்களுக்குச் சிரமம். ஹார்ட்டில்பூலுக்கு அரை நாள் போதும். அங்கே மேல்தளத்தோடு திரும்பிவிடாமல் கீழ்க்கிடங்கு வரை இறங்குங்கள், பம்பாயில் அறுத்த பழைய தேக்குப் பலகைகளைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம்.